கசக்காத இலை

நான் இன்றுவரை நேரில் பார்க்காத ஓர் இலைதான் என் மாமனாரை என் வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பியது. இலையின் மேல் தப்பில்லை. அதைச் செய்த ஆள் நான்.

கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை பார்த்த எல்லோருக்கும் அந்த இலையைத் தெரியும். கரும்பச்சை நிறம், ஓரமெல்லாம் கொக்கி கொக்கியாக முள், நடுவில் மூன்று சிவப்புப் பழம். மணிக்குப் பக்கத்தில், மெழுகுவர்த்திக்கு அடியில், அட்டையின் நாலு மூலையிலும் என்று எங்கும் இருக்கும். வில்லியனூரைச் சுற்றியுள்ள எங்கள் பங்கு ஊர்களில்தான் எங்கும் இருக்காது. எங்கள் ஊர்க் கிறிஸ்மஸ் மரம் சவுக்குக் கிளை. குடிலுக்குள் இருக்கும் பசும்புல், ஈரச் சாக்கில் கேழ்வரகு தூவி முளைக்கவிட்டது. பெத்லகேமுக்கு இது போதும் என்று ஊரே சமாதானமாக இருந்தது. எனக்கு மட்டும் அந்த மூலை இலை உறுத்திக்கொண்டே இருந்தது.

சின்ன வயதில் கோயில் உபதேசியாரிடம் கேட்டேன். "அது வெளிநாட்டு எலடா" என்றார். பெயர் கேட்டேன். "போயி ஜெபத்த மனப்பாடம் பண்ணு" என்றார். வளர்ந்து, படித்து, புத்தகங்களைத் தலையணைக்குப் பதிலாக வைத்துத் தூங்கும் அளவுக்கு ஆன பிறகு அதன் பெயர் ஹாலி என்று தெரிந்தது. வீட்டிலிருந்த அகராதியோ அது ஒரு வகைச் செடி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. (அகராதிகளுக்கும் உபதேசியாருக்கும் ஏதோ உறவு உண்டு.)

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய டிசம்பரில், ஒரு வெளிநாட்டு அம்மாள் அந்த இலையைக் காகிதத்திலேயே செய்து காட்டும் வீடியோ ஒன்று என் போனில் வந்து விழுந்தது. பதினோரு நிமிஷம். நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று என் மனைவிக்குத் தெரியும். அவளே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

என் மனைவி வாணியைப் பற்றிச் சொன்னால்தான் மீதிக் கதை நிற்கும். அவள் பாகூர்ப் பக்கம். மாரியம்மன் கோயில் தேருக்கு வடம் பிடிக்கிற வீட்டுப் பெண். நான் மாதா கோயில் தேருக்குத் தோள் கொடுக்கிற வீட்டுப் பையன். இரண்டு தேரும் ஒரே தெருவில் வர முடியாது என்பது அவள் அப்பாவின் கட்சி. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருஷம் அவர் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தி பிறந்து நாலு வயதாகியும் பார்க்கவில்லை. மாமியார் மட்டும் மாட்டுக் கொட்டகையில் நின்று, மாட்டுக்குப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தி, ரகசியமாகப் போன் பேசுவார்.

அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்னால் கொட்டகையிலிருந்து செய்தி வந்தது.

"வாணி, உங்கப்பா வராராம்டி. பண்டிக அன்னிக்குப் பதினோரு மணிக்கு. புள்ளயப் பாத்துட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பிடுவாராம். வேற எதுவும் கேக்காத."

வாணி போனை வைத்துவிட்டு நெடுநேரம் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த கம்பி. பிறகு என்னிடம் திரும்பி, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லா வருஷமும் வெக்கிற சவுக்குக் கிளைய வெச்சி, ஸ்டார மாட்டி வுடு. புதுசா எதுவும் பண்ணாத" என்றாள்.

சரி என்றேன். அன்றைக்கே வில்லியனூர் போய் ஆறு பச்சை சார்ட் வாங்கினேன். மாமனார் முதல்முறை வருகிறார். உலகத்தரமான ஒரு வாசலைப் பார்க்கட்டும். 'இவன் சாதாரண ஆளில்லை' என்று அவருக்குப் பட வேண்டும். (பட்டது. அது வேறு மாதிரி.)

வீடியோவில் அந்த அம்மாள் செய்த விதம் எளிது. இலை வடிவத்தை அட்டையில் வெட்டி, அதை வைத்துத் தாளில் கோடு போட வேண்டும். வெட்டிய இலையின் நடுவே, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறினால் நரம்பு வரும். லேசாக மடித்து விரித்தால் இலைக்கு உயிர் வரும். மெல்லிய கம்பியில் ஒட்டினால் கொத்து. என் முதல் இலைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு கொக்கி முள்ளையும் வளைத்து வளைத்து வெட்ட வேண்டும். இந்த வேகத்தில் போனால் வாசல் நிரம்ப ஈஸ்டர் வந்துவிடும். ஆகவே மூன்று சின்னத் திருத்தங்கள் செய்தேன்.

இலை அகலமாக இருந்தால் சார்ட் பத்தாது, ஒல்லியாக்கினேன். முள்ளைக் கையால் வெட்டுவது சிரமம். அடுத்த வீட்டுப் பிலோமினா அக்கா தையல்காரர், அவரிடம் துணி ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டும் ஜிக்ஜாக் கத்தரி இருந்தது. அதை இரவல் வாங்கி ஒரே இழுப்பில் ஓரம் வெட்டினேன். மெல்லிய கம்பி கிடைக்கவில்லை. துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவினேன். ஒரு ஈர்க்கில் இந்தப் பக்கம் ஆறு இலை, அந்தப் பக்கம் ஆறு இலை, நுனியில் ஒன்று.

வாசகர் இங்கே நிறுத்தி, ஒல்லியான, ஓரம் பல்லுப் பல்லான, நுனி லேசாக வளைந்த பச்சை இலைகள் ஒரு ஈர்க்கின் இரு பக்கமும் வரிசையாக நிற்பதை மனக்கண்ணில் பார்க்கலாம். நான் மூன்று நாள் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பொருளை மிக அருகில் வைத்து உற்றுப் பார்ப்பவனுக்கு அது என்ன என்பது மட்டும் தெரியாது.

பழத்துக்கு, செய்தித்தாளை ஊறவைத்துக் கசக்கி, மைதா பசை சேர்த்து உருட்டிக் காயவைத்தேன். சிவப்புச் சாயம் தேடியபோது என் அலுவலக ஞானம் கைகொடுத்தது. நான் ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற உத்தியோகம். ஸ்டாம்பு பேடுக்கு ஊற்றும் சிவப்பு மை ஒரு பாட்டில் என் பையில் இருந்தது. அந்த மைக்கு இரண்டு குணம்: தோலில் பட்டால் ஒரு வாரம் போகாது; தண்ணீர் பட்டால் ஒரு நிமிஷம் நிற்காது.

முதல் குணத்தை என் மகள் அமலா சோதித்தாள். "எனக்கும் பயம் வையிப்பா" என்று கன்னத்தைக் காட்டினாள். (அந்த வயதில் அவளுக்குப் பழம் 'பயம்'தான்.) பஞ்சுக் குச்சியால் கன்னத்தில் இரண்டு பொட்டு வைத்தேன். நெற்றி கேட்டாள். கை கேட்டாள். ரசிகர் கேட்டால் கலைஞன் மறுக்கக்கூடாது.

கிறிஸ்மஸ் காலையில், வாணி பின்கட்டில் பிரியாணிக்கு வெங்காயத்தோடு போராடிக்கொண்டிருந்தபோது, நான் அட்டைப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த கொத்துகளை எடுத்து, சணலில் கோத்து, நிலைப்படியின் மேலே இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தோரணமாகக் கட்டினேன். இரண்டு பக்கமும் கேட் வரை இழுத்துத் தொங்கவிட்டேன். இடையிடையே சிவப்புப் பழம். மார்கழித் தூறல் லேசாக விழுந்தது. மை தன் இரண்டாவது குணத்தைக் காட்டி, படியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு இறங்கியது. குங்குமத் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. அதுவும் ஓர் அழகு என்று விட்டுவிட்டேன்.

வழக்கமாக எட்டு மணிக்கே எங்கள் தெருவில் தட்டுகள் நடமாடத் தொடங்கிவிடும். இந்த வீட்டு அதிரசம் அந்த வீட்டுக்கு, அந்த வீட்டு முறுக்கு இந்த வீட்டுக்கு. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டும் வரவில்லை. வந்த இரண்டு பேரும் கேட் அருகே நின்று, மேலே பார்த்து, தெருவின் அந்தப் பக்கமாகப் போய்விட்டார்கள். பிரமித்துப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பிலோமினா அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் தலையை மட்டும் நீட்டினார். தைக்கும்போது மட்டும் கண்ணாடி போடுகிறவர். அப்போது போட்டிருக்கவில்லை.

"இன்னா தம்பி, எப்பத்துலேர்ந்து?"

"மூணு நாளாக்கா. ஆபீஸுக்கே லீவு போட்டுட்டேன்."

"மாதாவே! யாருக்கு?"

"யாருக்குன்னு இல்ல, எல்லாருக்கும்தான்."

அக்காவின் தலை மதிலிலிருந்து அரை அடி கீழே இறங்கியது. "எல்லாருக்குமா!"

"பாப்பாவுக்கு மூஞ்சி, கையி எல்லாம் இருக்குது பாருங்க" என்று பெருமையோடு அமலாவைத் தூக்கிக் காட்டினேன்.

"அய்யய்யோ, காத்துல காட்டாத தம்பி, உள்ள வெய்யி. எத்தினி நாளைக்கு இருக்கும்?"

"இன்னும் பன்னெண்டு நாளு, மூணு ராஜா திருநாள் வரைக்கும் இருக்கட்டும். அப்பறம் எறக்கிடலாம்."

"செபஸ்தியாருக்கு நேந்துக்கோ."

"அவரு திருநா ஜனவரிலதானக்கா வருது? இப்ப எதுக்கு? இருங்க, ஒங்க கத்தரியக் குடுத்துடறேன்."

"வாணாம்!" என்றார் அக்கா, நான் கத்தியைக் காட்டி மிரட்டியதுபோல. "அங்கியே இருக்கட்டும், அங்கியே இருக்கட்டும்." சிலுவை போட்டுக்கொண்டு மறைந்தார்.

கிறிஸ்மஸ் அன்று எதற்கு செபஸ்தியார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன துப்புக் கொடுக்க முடியும்? எங்கள் பக்கத்தில் அந்தப் புனிதரிடம் எதற்காக நேர்ந்துகொள்வார்கள் என்பது நாலு வயதிலேயே எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. நான் ஜன்னல் ஓரமாக ஒளிந்து நின்றேன். ரசிகர் முதலில் கலையைப் பார்க்கட்டும், கலைஞன் பிறகு வரலாம் என்று. அமலா பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் இனிப்புப் பெட்டி. கேட்டைத் திறக்கப் போனவர் நிமிர்ந்து தோரணத்தைப் பார்த்தார். படியில் சொட்டிய சிவப்பைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த பேத்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சி எதையோ மோந்தார். பின்கட்டில் பிரியாணிக்குக் கறி வதங்கிக்கொண்டிருந்தது.

மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, என் தோரணத்தைக் கும்பிட்டார்.

என் கைவேலையை ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது அதுவே முதலும் கடைசியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள், அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். போய்ட்டு வரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆட்டோ திரும்பிப் போயே போய்விட்டது.

வாணி கரண்டியோடு ஓடி வந்தாள். "எங்க அப்பா?"

"தாத்தா சாமி கும்ட்டாரு. போய்ட்டாரு" என்றாள் அமலா.

வாணி தெருவைப் பார்த்தாள். தெருமுனையில் ஆட்டோ கிளப்பிய புகைகூட அடங்கியிருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள்; அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆறு வருஷம் ரகசியமாகப் பேசியதில், கணவர் திரும்பி வரக்கூடிய நேரத்தில் போனை அணைத்துவிடுவது மாமியாருக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகியிருந்தது.

"வாசல் வரிக்கும் வந்துட்டு ஒரு வார்த்த பேசாம போயிருக்காரு. ஸ்டாரப் பாத்துட்டுக் கோவம் வந்துடுச்சா? நீ இன்னா பண்ண? மூஞ்சக் கீது காட்னியா?"

"நான் வெளியவே வரல வாணி."

"வந்தவர வாசல்ல வெச்சிட்டு வெளியவே வரலியா!"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தேவலை. தலைக்கு மேலே தோரணம் ஆடியது. அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஆறு வருஷத்தை ஒரு காலையில் கெடுத்துவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது. எப்படிக் கெடுத்தேன் என்பதுதான் புரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அதே ஆட்டோ வந்தது. உள்ளே மனிதர்களே தெரியவில்லை, பச்சையாக இருந்தது. ஒரு மரத்தையே முறித்த அளவுக்கு வேப்பிலை, அதற்கு நடுவில் மாமியார், அவர் காலடியில் ஒரு குலை இளநீர். மாமனார் கேட்டுக்கு வெளியே நின்று, யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"அடுப்ப நிறுத்துங்க மொதல்ல! அம்மா எறங்கியிருக்கிற வூட்ல கறிய வதக்கறீங்களே, இது இன்னா வூடா, ஓட்டலா? புள்ளைக்கு எத்தினி நாளு ஆவுது? தண்ணி ஊத்தியாச்சா?"

அந்த நொடியில்தான் வாணி தலையைத் தூக்கித் தோரணத்தைப் பார்த்தாள். பிறகு அமலாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஜிக்ஜாக் ஓரம் இருந்தது.

அம்மை போட்ட வீடு. வாசலில் வேப்பிலைத் தோரணம், படியில் குங்குமத் தண்ணீர், ஜன்னலில் சிவப்புக் கொப்புளத்தோடு குழந்தை. வழியிலிருந்து வந்தவர்கள் அந்த வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். சொல்லிக்கொண்டும் கிளம்ப மாட்டார்கள். தெருவே காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அம்மைக்கு நேர்ந்துகொள்கிற செபஸ்தியாரை அக்கா சும்மா கூப்பிடவில்லை.

"மாமா, அது வந்து…" என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்டுக்கு மேலாக எக்கி, ஓரமாகத் தொங்கிய கொத்தைப் பிடித்தார். "இது எந்தக் காலத்துல ஒடிச்ச எலப்பா? ஒரு வாசன இல்ல." ஓர் இலையைக் கிள்ளி, எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல் வாயில் போட்டு மென்றார்.

மென்றுகொண்டே இருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"கசக்கலியே."

துப்பினார். உள்ளங்கையில் விழுந்ததை விரித்துப் பார்த்தார். "பேப்பரு!" என்றார். குரல் தணிந்தது, தணிந்த குரல்தான் பயமுறுத்தியது. "பேப்பர்ல வேப்பல செஞ்சி வாசல்ல கட்டியிருக்க. அம்மாவ வெச்சி வெளாட்டா?"

மாமியார் வேப்பிலைக்குள் இன்னும் கொஞ்சம் மறைந்தார். நான் உள்ளே ஓடி, ஒரு பழைய வாழ்த்து அட்டையை எடுத்து வந்து, கேட்டுக்கு மேலாக நீட்டினேன். "இதத்தான் மாமா செஞ்சேன். வேப்பல இல்ல. சத்தியமா இல்ல."

அட்டையை வாங்கினார். தூரமாகப் பிடித்தார். கிட்டே கொண்டு வந்தார். நான் திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"இது இன்னா எல?"

"ஹாலின்னு பேரு."

"எங்க மொளைக்கும்?"

"குளிரான நாட்ல."

"மாடு துன்னுமா?"

"தெரியலங்க."

"முள்ளு இருக்குது பாரு. மாடு தொடாது. ஆடு வேணா கடிச்சிப் பாக்கும். பழம்?"

"குருவிங்க துன்னுமாம். மனுஷங்க துன்னக்கூடாதாம்."

"நீ பாத்திருக்கியா?"

"இல்ல மாமா."

அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "பாக்காத எலய எதுக்குய்யா செய்யற?"

எங்கள் ஊர்க் கிறிஸ்மஸ் அலங்காரங்களைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. உபதேசியார் முதல் அகராதி வரை யாரும் அந்த இலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இந்த மனிதர் மூச்சு விடாமல் ஐந்தாறு கேட்டுவிட்டார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி, கேட்டுக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும்னு ஆச மாமா" என்றேன்.

அவர் அட்டையையும் தோரணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதப் பாத்து அத செஞ்சியா" என்றார். மீசைக்கடியில் ஏதோ அசைந்தது. ஆட்டோக்காரர்தான் முதலில் சிரித்தவர். பிறகு வேப்பிலைக்குள்ளிருந்து மாமியாரின் சிரிப்பு வந்தது.

"அப்ப புள்ள மூஞ்சில?"

"மை மாமா. ஸ்டாம்பு மை."

கேட்டைத் திறந்தார். வந்தார். படியில் உட்கார்ந்து, அமலாவின் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மை போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். அமலா சிரித்தாள். அவர் தலையைத் திருப்பாமல், ஆறு வருஷத்துக்குப் பிறகு, மகளிடம் முதல் வார்த்தை சொன்னார்.

"இன்னா பாத்துகினு நிக்கற? தேங்கா எண்ண எடுத்தாடி."

எண்ணெய் பாட்டில் வருவதற்கு அன்றைக்கு வெகுநேரம் ஆயிற்று. அடுக்களையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வாணி அழுது முடிக்க வேண்டியிருந்தது. அன்று அவர் ஒரு வாய்த் தண்ணீரோடு நிறுத்தவில்லை. தீய்ந்துபோன பிரியாணியை இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

இதோடு முடிந்திருந்தால் என் மானத்துக்கு நல்லது. இரண்டு வருஷம் கழித்து, தவக்காலத்து வெயிலில், எனக்கு நிஜமாகவே அம்மை போட்டது. வாணி வாசலில் நிஜ வேப்பிலையைக் கட்டினாள். தெருவில் ஒருவரும் நம்பவில்லை. பிலோமினா அக்கா நேராக உள்ளே வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து, "இன்னா தம்பி, இந்த வருஷம் இப்பவே ஆரமிச்சிட்டியா? என் ஜிக்ஜாக் கத்தரி எங்க?" என்று சாவகாசமாகப் பேசிவிட்டுப் போனார். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சில நாளில் அவர் வாசலில் வேப்பிலை தொங்கியது. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் தலையை மட்டும் நீட்டினேன்.

"யாருக்குக்கா?"

"எல்லாருக்கும்தான்டா, பாவி!"

ஏமாறாதவர் மாமனார் ஒருவர்தான். செய்தி கேட்டு வந்தவர் கேட்டருகே நின்று ஓர் இலையைக் கிள்ளி மென்றார். முகம் கோணியது. "நெசம்தான்" என்று அறிவித்து, இளநீரை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் முறைப்படி திரும்பிப் போனார்.

இப்போது எங்கள் வீட்டில் இலை செய்பவள் அமலா. பதிமூன்று வயதில் என்னைவிட நன்றாக வெட்டுகிறாள். கொக்கி முள் கொக்கியாகவே வருகிறது. ஆனாலும் தோரணத்தின் ஓரத்தில் மட்டும் ஒல்லியாக, பல்லுப் பல்லாக, என் பழைய அச்சில் ஒன்று கட்டியிருப்பாள். பசை படாமல், சுத்தமான தாளில். அது தாத்தாவுக்கு. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பதினோரு மணிக்கு அவர் வந்து, கேட்டருகே நின்று, அதைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிப் பொறுமையாக மெல்லுவார். நாங்கள் எல்லோரும் படியில் நின்று காத்திருப்போம். தெருவும் மதில்களுக்கு மேலே தலை நீட்டிக் காத்திருக்கும்.

"கசக்கல" என்பார். அதன் பிறகுதான் தட்டுகள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கும்.